உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் நமது அரிசியும்

நீரிழிவு என்னும் வியாதி பட்டணவாசிகளுக்கும், உட்கார்ந்த இடத்திலேயே தொழில் செய்யும் தனவந்தர்களுக்குமே உரியது என்று ஒரு காலத்தில் நமது கிராமங்களில் கருதப்பட்டது. அவ்வாறு கருதுவதற்கு இப்போது இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 100-க்கு 11 பேருக்கு மேற்பட்டவர்கள் இவ்வியாதி உடையவர்கள். தமிழ்நாட்டில் அது 14-க்கு மேற்பட்டது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களிலும் நீரிழிவுக்காரர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. வியாதி முழுவதையும் பற்றி எழுத இங்கு இடமில்லை. அநேகர் கவனியாது விடும் ஒரு பகுதியை, அதாவது உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை மிகையாக ஏறுவதை, மட்டும் இங்கு விளக்குவோம். அரிசியை விளைவிப்பவர்களும் அதையே மூன்று வேளையும் உண்பவர்களும் ஆகிய நமது விவசாயிகளுக்கு இது இரட்டைச் சம்பந்தமுடைய விஷயம்.

விடியற்காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பார்த்து, 100 மில்லியில் 110 மில்லிகிராம் என்று எண் வந்ததும், "எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது" என்று திருப்தியடைந்து வீடு திரும்புவோர் பலர். அன்று பகல் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே மனிதருக்கு 250 இருக்கக்கூடும். இரவிலும் அப்படியே. பகலில் பெரும்பகுதி நேரம் அவருடைய இரத்தக் குழாய்கள் சர்க்கரை மிகுந்த இரத்தத்திலேயே ஊறிக்கிடக்கின்றன. காலை எண் அதைக் காட்டுவதில்லை. வியாதி ஓரளவு கட்டுக்குள் இருப்பவர்களிடத்தில், மொத்த மிகைச் சர்க்கரையில் சுமார் பத்தில் ஏழு பங்கு உணவுக்குப் பிந்திய ஏற்றத்தாலேயே உண்டாகிறதென்று பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் கண்டிருக்கிறார்கள். ஆகையால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 7-க்குச் சற்று மேலேயே நின்று, காலை எண்ணோ நன்றாக இருக்குமானால், குறையைச் சாப்பாட்டு இலையில் தேடவேண்டும்.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். வளர்ந்த மனிதனுடைய தேகத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அவ்வளவு இரத்தத்திலும் சாதாரணமாகக் கரைந்திருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. 150 கிராம் அரிசியைச் சமைத்து ஒரு வேளைக்கு உண்டால், அதிலுள்ள மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 115 கிராம். அது குடலில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகப் பிரிந்து இரத்தத்திற்குள் நுழைகிறது. ஒரு கரண்டி இருந்த இடத்தில் இருபது கரண்டிக்கு மேல் வந்து சேரும்போது, கணையம் என்னும் உறுப்பு உடனே இன்சுலினைச் சுரந்து, சர்க்கரையைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் அனுப்பிவைக்கவேண்டும். நல்ல தேகத்தில் உண்ணத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே இன்சுலின் பாய்ந்துவிடும். நீரிழிவுக்காரருக்கு இந்த முதற்பாய்ச்சல் ஆரம்பத்திலேயே கெட்டுப்போகிறது. பிறகு சுரப்பதும் தாமதித்து, போதாமல் நிற்கிறது. கலிங்கைத் திறக்க ஆளில்லாத கண்மாயில் மழைநீர் வந்து விழுவதைப் போன்றது இது.

செட்டிநாட்டு உணவு முறையைப் பார்ப்போம். காலைப் பலகாரத்தில் இட்டிலி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், பகலில் சோறு, மாலையில் காப்பியுடன் இடைப்பலகாரம், இரவில் மறுபடியும் தோசையோ சோறோ. கோழியும் மிளகும் மசாலையும் இந்நாட்டின் பெயரை உலகெங்கும் பரப்பியிருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு ஆபத்து அவற்றில் இல்லை, அவற்றுக்கு அடியில் கிடக்கும் அரிசியில் இருக்கிறது. மிளகையும் காரத்தையும் விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் பழைய அளவிலேயே உண்பவர் பத்தியம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுகிறார். சர்க்கரையைப் பொறுத்தவரை அது பத்தியமாகாது.

கவுனி அரிசியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பர்மாவில் தொழில் நடத்திய நகரத்தார் வழியாக இந்நாட்டுப் பழக்கத்தில் வேரூன்றிய இக்கருப்பரிசி, இப்போது "சர்க்கரை நோய்க்கு மருந்து" என்ற விளம்பரத்துடன் கடைகளில் அதிக விலைக்கு விற்கிறது. இதன் தவிட்டில் நார்ச்சத்தும் கருநீல நிறச்சத்தும் இருப்பது உண்மை. ஆயினும் செட்டிநாட்டுக் கவுனி ஒட்டும் இயல்புடையது. அவ்வியல்பு வாய்ந்த மாவுச்சத்து குடலில் விரைவிற் கரையக்கூடியது. மேலும் இங்கு கல்யாணங்களில் அதைப் பரிமாறுவது சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்த்து. அப்பண்டத்தை மருந்தென்று எண்ணிக் கிண்ணம் கிண்ணமாக உண்பது எமது அபிப்பிராயத்தில் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். விசேஷ நாளில் இரண்டு கரண்டி உண்டு மகிழ்வதில் பெருங்குற்றமில்லை. கேழ்வரகுக்கும் இதுவே பொருந்தும்: நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. வரகு, சாமை, குதிரைவாலி ஆகியவையும் தீட்டித் தீட்டி வெளுத்துவிட்டால் பெயரளவிலேதான் சிறுதானியம்.

அரிசியிலும் எல்லா ரகமும் ஒன்றல்ல என்பதை விளைவிப்பவர்கள் அறிந்திருத்தல் நன்று. மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு பகுதிகள் உண்டு; அமைலோஸ் மிகுந்த ரகம் பொதுவாக மெதுவாகச் செரிக்கும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளுடன் 235 ரகங்களை ஆராய்ந்தபோது, கிளைசீமிக் இண்டெக்ஸ் என்னும் சர்க்கரை ஏற்றக் குறியீடு 48 முதல் 92 வரை வேறுபடுவதைக் கண்டார்கள். ஆந்திர தேசத்து ஸ்வர்ணா குறைந்த குறியீடுள்ளவற்றில் ஒன்று. ஹைதராபாத்தை அடுத்த ராஜேந்திரநகரில் உருவாகிய ஆர்.என்.ஆர். 15048 என்ற சன்னரகத்தின் குறியீடு ஏறக்குறைய 51. இதைத் தமிழ்நாட்டிலும் இப்போது பலர் பயிரிடுகிறார்கள். சொந்த வீட்டுக்கு நெல் ஒதுக்கும் மிராசுதார், ரகத்தையும் தீட்டும் அளவையும் தாமே தீர்மானிக்கலாம்; இது கடையில் வாங்குவோருக்கு எளிதிற் கிட்டாத சௌகரியம். சென்னையில் நடந்து 2014-இல் வெளியான ஒரு சோதனையில், உடல் பருத்தவர்கள் வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத அரிசியை உண்டபோது, ஒரு நாள் முழுவதிலும் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. அதனுடன் பருப்பு வகைகளையும் சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. பச்சரிசியைக் காட்டிலும் புழுங்கலரிசி சற்று மேல். ஆறிய பழைய சோற்றிலும் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதிற் செரியாத தன்மையை அடைகிறது. ஆனால் நல்ல ரகமென்று சொல்லி இரட்டிப்பு உண்டால் வந்த லாபம் போய்விடும். அளவே முதன்மையானது.

இனி, உண்ணும் முறை. இலையில் சோறு விழுந்தவுடன் குழம்பை ஊற்றிப் பிசைவது நமது வழக்கம். அதை மாற்றி, முதலில் கீரை, அவரை, மொச்சை மண்டி, பருப்பு, முட்டை அல்லது மீன் ஆகியவற்றை உண்டு, பத்து நிமிஷம் கழித்துச் சோற்றுக்கு வருவது நலம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 11 நோயாளிகளிடம் இவ்வாறு வரிசை மாற்றிப் பார்த்ததில், அதே உணவுக்கு ஒரு மணி நேரத்தில் சர்க்கரை ஏறக்குறைய 37 சதவீதம் குறைவாக இருந்ததென 2015-இல் தெரிவித்தார்கள். பதினொருவர் என்பது சிறிய தொகையே. எனினும் செலவில்லாத காரியமாதலால் எவரும் தம் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். உண்டபின் திண்ணையிற் சாய்வதற்குப் பதிலாகப் பத்து அல்லது பதினைந்து நிமிஷம் நடப்பது இன்னொரு உபாயம். நடக்கும் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 10 நிமிஷம் நடப்பது, நாளில் ஏதோ ஒரு சமயத்தில் 30 நிமிஷம் நடப்பதைக் காட்டிலும் அதிகப் பயன் தருகிறதென்று நியூஸிலாந்து ஆராய்ச்சி ஒன்று 2016-இல் காட்டிற்று; இராச் சாப்பாட்டுக்குப் பின் அப்பயன் மிகுதி. காலையெல்லாம் வயலில் உழைத்தவர்களும் இரவில் உண்டவுடன் படுப்பதால் இதை இழக்கிறார்கள்.

இவ்வளவும் தமக்குப் பயன்படுகின்றனவா என்று அறிய, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சிறு கருவி போதும். அதிலுள்ள பட்டையில் தடவிய என்ஸைம், சர்க்கரையுடன் சேரும்போது சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அதை அளந்தே எண் காட்டப்படுகிறது. இது மின்வேதியியல் என்னும் சாஸ்திரத்தைச் சேர்ந்த வேலை. அச்சாஸ்திரத்திற்கென்றே அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து 2 மணி கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். முடித்த நேரத்திலிருந்து அல்ல. பொதுவாக நீரிழிவுக்காரருக்கு எண் 180-க்குக் கீழ் இருப்பது நலம். வயோதிகருக்கும் வேறு வியாதியுடையோருக்கும் வைத்தியர் வேறு அளவு வகுப்பார். ஒரு நாள் பழைய முறையிலும், மறுநாள் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டியும் உண்டு, இரண்டு எண்களையும் எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டினால், அவர் மருந்தைத் திருத்துவது எளிதாகும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை உண்பவர்களும் சோற்றைத் திடீரெனக் குறைத்தாலோ, கார்த்திகை, சஷ்டி விரதங்களில் பட்டினி கிடந்தாலோ, வெயிலில் நெடுநேரம் களத்தில் உழைத்தாலோ சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். ஆகையால் வைத்தியரைக் கேட்டே மாற்றவேண்டும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கவேண்டும். அகார்போஸ் என்னும் மாத்திரையும் உண்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே பலிக்காது; குளுக்கோஸ் மாவே வேண்டும். பல வருஷம் ஏறி இறங்கிய சர்க்கரையால் பாதம் உணர்ச்சி இழந்தவர்கள், சீமைக்கருவேல் முள் தைத்ததையும் அறியமாட்டார்கள். அப்புண்ணே பிறகு விரலையும் காலையும் எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். வரப்பில் இறங்குமுன் செருப்பும், இரவு படுக்குமுன் பாதத்தைப் பார்வையிடுவதும் தவறக்கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் பரிசோதனையையும் மாத்திரைகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவர ஏற்பட்டது. கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் தம் ஊரில் முகாம் நடக்கும்போது ஒரு காரியத்தைக் கவனிப்பார்களாக. எல்லோரையும் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வரவழைத்து அத்துடன் அனுப்பிவிடாமல், காலைப் பலகாரம் உண்டு 2 மணி நேரம் கழித்து அதே ஆட்களை மறுபடியும் வரும்படி சொல்லி, இரண்டாவது எண்ணையும் அவர்களுடைய சீட்டில் எழுதச் செய்யவேண்டும்.