‘டிக்’ சத்தத்தை நம்பலாமா?

தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மாட்டுங்கா ரயில்வே பணிமனை. 1915இல் அன்றைய ஜிஐபி ரயில்வே இதைத் தொடங்கியது; இன்றும் மத்திய ரயில்வேயின் பயணிகள் பெட்டிகளைக் கழற்றிச் சீர்செய்து பூட்டும் இடம். ஒரு பெட்டிக்குள் எத்தனை போல்ட்டுகள்! சரியாக இறுக்காவிட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் மரை போய்விடும். இப்படிப்பட்ட வேலைக்கு, சொன்ன அளவுக்கு இறுக்கத்தான் டார்க் ரெஞ்ச்.

உள்ளே இருப்பது ஒரு சுருள்வில். பிடியைத் திருகி 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால், அதற்கேற்ப வில் அமுங்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ அவ்வளவு முறுக்குவிசை வரும். நம் இழுப்பு வில்லை மீறியதும் உள்ளே ஒரு துண்டு நழுவி ‘டிக்’ என்று ஒலிக்கும். அத்தோடு கையை எடுக்க வேண்டியது நாம்தான், ரெஞ்ச் தடுக்காது.

ஆனால் வில் தளரும், கிரீஸ் காயும். 100இல் வரவேண்டிய ‘டிக்’ 90இலேயே வரலாம். சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் ஐஎஸ்ஓ 6789 என்ற தரநிலை, வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் 12 மாதத்துக்கு ஒருமுறையோ 5000 தடவை பயன்படுத்தியதுமோ, எது முந்துகிறதோ அப்போது சோதிக்கச் சொல்கிறது.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். ‘காலிப்ரேஷனுக்குப் போயிருக்கு, சரிபண்ணிக் கொடுத்துடுவாங்க’ என்கிறோம். காலிப்ரேஷன் எதையும் சரிபண்ணுவதில்லை. வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று ரேடியோ மணியோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்கிறோமே, அதுதான் காலிப்ரேஷன். முள்ளைத் திருப்பி வைப்பது வேறு வேலை.

ஆய்வகத்தில் நடப்பதும் இந்த ஒப்பீடுதான். முறுக்குவிசையை அளக்கும் உணரியில் ரெஞ்சைப் பொருத்துகிறார்கள். அந்த உணரியும் தன்னைவிடத் துல்லியமான ஒன்றோடு ஒப்பிடப்பட்டது. அந்தச் சங்கிலி தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற இடம் வரை போகும். உச்ச அளவு 200 என்றால், முதலில் ஐந்து தடவை முழு அளவில் இழுத்து வில்லை விழிக்க வைக்கிறார்கள். பிறகு 40, 120, 200 என்று கீழிருந்து மேலே, ஒவ்வொன்றிலும் ஐந்து அளவீடு. பிடியில் கை வைக்க வேண்டிய இடம்கூட மாறக் கூடாது. கடைசிக் கட்டத்தை நிதானமாக இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் கணக்கு கெட்டது. இந்த அளவு ரெஞ்சுக்கு வித்தியாசம் 4 சதவீதம் வரை பொறுக்கலாம்.

தாண்டினால்தான் திருகித் திருத்துவது. திருத்தியபின் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். நல்ல ஆய்வகம் திருத்தத்துக்கு முன் வந்த எண்ணையும் குறித்துத் தரும். சான்றிதழில் நான் முதலில் தேடுவது அதைத்தான். கெட்டிக்காரத்தனமாக முதலிலேயே திருத்திவிட்டால் அந்த எண் தொலைந்து போகும். போன சோதனைக்குப் பிறகு இதே ரெஞ்சால் இறுக்கிய போல்ட்டுகளெல்லாம் ஏற்கனவே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதைத் திரும்ப அழைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேறு ஆதாரம் கிடையாது.