தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தா போதுமா? நீச்சல் குளம் திறக்கும் முன் பார்க்க வேண்டிய 2 எண்கள்

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. திருப்பாச்சூர், பூண்டி, திருவள்ளூர் பக்கம் பண்ணை வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த நீச்சல் குளங்களைத் திறக்கும் நேரம் இது. குளத்தைத் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீரை நிரப்பி, கண் மதிப்பில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, "தண்ணி பளிச்சுன்னு இருக்கு, இறங்குங்க" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தண்ணீர் பளிச்சென்று இருப்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

ஏன் இவ்வளவு கவனம்?

2024 மே முதல் ஜூலை வரை கேரளாவில் 3 சிறார்கள் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து, நீச்சல் குளங்களில் முறையாக குளோரின் சேர்க்க வேண்டும் என தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது.

'நெக்லேரியா ஃபவுலேரி' எனப்படும் இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். தண்ணீரைக் குடிப்பதால் இது தொற்றாது. மூக்கு வழியாக ஏறும்போதுதான் ஆபத்து. இந்தத் தொற்று அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு, காது வலி, தோல் அரிப்பு போன்றவை இதைவிட அடிக்கடி வருபவை. இவற்றைத் தடுக்கும் முதல் அரண், சரியான அளவு குளோரின்.

அந்த 2 எண்கள் என்ன?

ஒன்று, 'ஃப்ரீ குளோரின்'. கிருமியைக் கொல்லத் தயாராக தண்ணீரில் மீதம் இருக்கும் குளோரின் இதுதான். வீட்டுக் குளத்தில் இது 1 பிபிஎம்-க்குக் கீழே போகக் கூடாது. வெயிலில் குளோரின் சீக்கிரம் கரையாமல் இருக்க 'ஸ்டெபிலைசர்' சேர்த்திருந்தால் குறைந்தது 2 பிபிஎம் வேண்டும்.

இன்னொன்று, பி.எச். இது 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்லது. குளோரின் எவ்வளவு வேலை செய்யும் என்பதை முடிவு செய்வதே பி.எச்.தான். 7.2-ல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளோரின் வீரியமான வடிவத்தில் இருக்கும். 7.5-ல் அது பாதியாகும். 8-ஐத் தொட்டால் கால் பங்குதான். பிளீச்சிங் பவுடரே காரத்தன்மை கொண்டது. டெஸ்ட் பண்ணாமல் அதையே அள்ளிக் கொட்டினால் பி.எச். ஏறி, போட்ட குளோரின் வீணாகும்.

'குளோரின் வாடை குப்புனு அடிக்குதே, போதும்' என்று நினைக்காதீங்க. வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமைன்தான் பெரும்பாலும் அந்த வாடைக்குக் காரணம். அது ஃப்ரீ குளோரின் அல்ல.

எப்படி டெஸ்ட் பண்ணுவது?

* குப்பையை அள்ளி, பம்பையும் ஃபில்டரையும் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகே சாம்பிள் எடுக்கணும்.
* மேல் தண்ணீர் வேண்டாம். முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் குழாயிலிருந்து தள்ளி எடுங்க.
* மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ கிட் மொத்த குளோரினைத்தான் சொல்லும். ஃப்ரீ குளோரினைத் தனியாகப் பார்க்க, இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட் வாங்குங்க.
* குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் டிபிடி நிறம் வெளுத்து, குளோரினே இல்லாதது போலத் தெரியும். சந்தேகம் வந்தால் சுத்தமான தண்ணீர் கலந்து மறுபடி பாருங்க.
* முதலில் பி.எச். சரி செய்யுங்க. அப்புறம்தான் குளோரின்.

எவ்வளவு போடணும்?

20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குளத்தில் சுமார் 22,600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். குளோரினை 2 பிபிஎம் உயர்த்த, 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 150 கிராம் தேவை. பாசியும் அழுக்கும் இருந்தால் இது போதாது, அவையே குளோரினைத் தின்றுவிடும். போன வருஷம் பிரித்து வைத்த மூட்டையின் வீரியமும் குறைந்திருக்கும். அதனால் போட்ட பிறகு மறுபடி டெஸ்ட் பண்ணுவதுதான் ஒரே வழி.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பு நிறமாகலாம். கும்மிடிப்பூண்டி போல தொழிற்சாலைகள் அதிகம் உள்ள பகுதி என்றால், நிரப்புவதற்கு முன்பே போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்திலும் நீர்ப் பரிசோதனைக் கூடம் உள்ளது.

இதை மட்டும் செய்யவே கூடாது!

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீங்க. உடனே நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். இரண்டுக்கும் ஒரே வாளி, ஒரே மக் கூட வேண்டாம். எந்த மருந்தானாலும் வாளித் தண்ணீரில்தான் மருந்தைப் போடணும், மருந்து மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

எப்போ இறங்கலாம்?

2 எண்களும் சரியாக இருக்கணும். குளத்தின் அடித்தளம் மேலிருந்து தெளிவாகத் தெரியணும். கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆட்கள் இறங்கும் நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் டெஸ்ட் பண்ணுங்க. 5 நிமிஷ வேலைதான். அந்த 5 நிமிஷம் முடியும் வரை, பிள்ளைகள் எவ்வளவு அடம் பிடித்தாலும் கரையிலேயே நிற்கட்டும்.