காய்ச்சல் தணிந்தால் நோய் தீர்ந்ததா?

தோட்டப்புறங்களில் வாழும் நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சல் கண்டால் இரண்டு நாள் படுத்திருப்போம். சூடு தணிந்ததும் பால்வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுவிடுவோம். ஒரு நாள் சம்பளம் நமக்கு அருமையானது. ஆயினும், டிங்கிக் காய்ச்சலில் இப்பழக்கம் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

ஏடிஸ் கொசுவால் பரவும் இந்நோய் நம் நாட்டிற்குப் புதியதன்று. குருதிக்கசிவுடன் கூடிய கடுமையான டிங்கி 1962ஆம் ஆண்டில் பினாங்கில் கண்டறியப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அது பெருவாரியாகப் பரவியது.

இந்நோயில் முதலில் கடுங்காய்ச்சலும் உடல்வலியும் வாட்டும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும். சிலருக்கு அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும், இரத்தம் கெட்டிப்படும், நாடி தளரும். இந்நிலை 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும்.

டிங்கிக் கிருமியை அழிக்கும் தனி மருந்து இல்லையெனில், மருத்துவமனை எதற்கு என்று சிலர் வினவலாம். அங்குக் கிடைக்கும் கண்காணிப்பே பெரும் மருந்தாகும். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற இடங்களில் இரத்தத்தை அடிக்கடி சோதித்து, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் குறித்து, அதற்கேற்ப உப்புநீர் ஏற்றுவர். கசிவு நின்றபின் வெளியேறிய நீர் மீண்டும் குழாய்களுக்குள் திரும்பும். அவ்வேளையில் உப்புநீர் மிகுந்தால் மூச்சுத் திணறும். ஆதலால் அதனைக் குறைத்துவிடுவர். பசி எடுப்பதும், சிறுநீர் நன்கு பிரிவதும், இரத்தத் தட்டணுக்கள் பெருகுவதும் நலம் திரும்புவதன் அறிகுறிகள். களைப்பு மட்டும் சில வாரங்கள் நீடிக்கலாம்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், காய்ச்சல் இல்லையே என்று காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை அறவே தவிர்த்தல் வேண்டும்.

டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளமையால், ஒருமுறை வந்தவர்க்கும் இது மீண்டும் வரலாம். எனவே, சீவாத மரங்களில் தொங்கும் மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். நீர்த்தொட்டிகளை மூடி வைப்போம். காய்ச்சல் தணிந்த நாளில் நோயாளியை வேலைக்கு அனுப்பாமல், அருகிலிருந்து காப்போம்!