உங்களுக்குத் தெரியுமா? மொனாக்கோ தெருவில் நம்ம ஊர் டிரைவர்

★ ஃபார்முலா ஒன்னில் மூன்றே சீசன் ஓடி, ஒரு புள்ளிகூட வாங்காமல் கடையை மூடிய அணி ஸ்பெயினின் எச்ஆர்டி. 2010, 2011, 2012 என மூன்று ஆண்டும் மொனாக்கோ நகரத் தெருக்களில் அதன் இரண்டு கார்களில் ஒன்றை ஓட்டியவர் தமிழ்நாட்டுக்காரர். முதல் ஆண்டு சென்னையின் கருண் சந்தோக். மற்ற இரண்டு ஆண்டும் கோவையின் நரேன் கார்த்திகேயன்.

★ அங்கே அந்த அணியின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். 2010: கருண் 14ஆம் இடம், புரூனோ சென்னா பாதியில் அவுட். 2011: சக டிரைவர் லியுஸ்ஸி 16, நரேன் 17. 2012: நரேன் 15, பெத்ரோ டி லா ரோசா முதல் சுற்றிலேயே இடிபட்டு வெளியே. ஆக, மொனாக்கோவில் எச்ஆர்டியின் சிறந்த முடிவு 14, அதற்கடுத்தது 15. இரண்டையும் வாங்கிக் கொடுத்தது நம்ம பக்கத்து ஆட்கள்.

★ அந்த 14ஆம் இடத்தை எடுத்தபோது கருண் எல்லைக் கோட்டைத் தாண்டவே இல்லை! பந்தயம் 78 சுற்று. முடிய நாலைந்து சுற்றே பாக்கி இருக்கும்போது, ராஸ்காஸ் என்ற குறுகிய வளைவில் லோட்டஸ் அணியின் யார்னோ ட்ருல்லி முந்தப் பார்த்தார். இடம் போதவில்லை. அவருடைய கார் கருணின் கார்மேல் ஏறி, தலையை ஒட்டிக் கடந்துபோனது. இருவருக்கும் காயமில்லை, பின்னாலேயே வந்த மார்க் வெப்பர் இடுக்கில் புகுந்து போய் ஜெயித்தார். மொத்தத் தூரத்தில் 90 சதவீதத்தை முடித்துவிட்டால், நடுவில் நின்றுபோனாலும் முடிவுப் பட்டியலில் பெயர் உண்டு என்பது விதி. கருணுக்கு 14, ட்ருல்லிக்கு 15.

★ 14ஆம் இடத்துக்குப் புள்ளியே கிடையாதே, அதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். அந்த 2010ஆம் ஆண்டு எச்ஆர்டி, வெர்ஜின் இரண்டு அணிகளுமே பூஜ்யம். சமநிலை வந்தால் யாருடைய இடங்கள் மேலானவை என்று எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டு அணிக்கும் சிறந்த இடம் 14தான். எச்ஆர்டி அதை மூன்று முறை வாங்கியிருந்தது, வெர்ஜின் இரண்டு முறை. எச்ஆர்டி 11ஆவது அணி, வெர்ஜின் 12ஆவது, அதாவது கடைசி. அந்த மூன்றில் இரண்டு, ஆஸ்திரேலியாவும் மொனாக்கோவும், கருணுடையவை.

★ 2011இல் மொனாக்கோ தகுதிச் சுற்றில் எச்ஆர்டி கார்கள் இரண்டும் ஒரு நேரம்கூடப் பதிவு செய்யவில்லை. முதல் கட்டத்தில் மிக வேகமானவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராதவருக்குப் பந்தயத்தில் இடமில்லை என்ற விதி அந்த ஆண்டுதான் திரும்ப வந்திருந்தது; அதே விதியில் ஆஸ்திரேலியாவில் இரண்டு கார்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தன. மொனாக்கோவில் நடுவர்கள் மனம் வைத்து அனுமதித்தார்கள். இரண்டு கார்களும் ஓடி முடித்தன. எனக்கு நரேனின் அந்த 17ஆம் இடம்தான் நம்ம ஆட்களின் மூன்று முடிவுகளிலும் பெரிது.

★ மொனாக்கோ சுற்று 3.3 கிலோமீட்டர்தான். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கும் கீழே இறங்கியாக வேண்டும். எஞ்சின் பலம் குறைந்த அணிக்கு இது சாதகம். சிறு தவறுக்கும் தடுப்பில் இடிக்கலாம் என்பது எல்லோருக்கும் பாதகம்.

★ டிரைவர் போடும் பளபளப்பான சூட்டைப் பார்க்கிறோம். உள்ளே இருப்பது பின்னலாடை! முழுக்கை உள்பனியன், கணுக்கால் வரை நீளும் உள்கால்சட்டை, சாக்ஸ், தலையுறை எல்லாமே தீப்பிடிக்காத அராமிட் நூலில் பின்னியவை. நோமெக்ஸ் என்பது அதில் பிரபலமான பெயர். தோலில் படும் இடத்தில் பாலியெஸ்டர், நைலான் கூடாது. வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அராமிட் உருகாது, கருகும்.

★ எம்பிராய்டரி யூனிட்காரர்கள் கவனிக்க: சூட்டில் விளம்பரதாரர் பெயரைத் தைத்தால் ஊசி வெளி அடுக்கோடு நிற்க வேண்டும், உள் அடுக்கைத் தொடக்கூடாது என்கிறது சர்வதேச விதி. தைக்கும் நூலும் தீ தாங்குவதாக இருக்க வேண்டும். 2020இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஜான் 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு, கைகளில் தீப்புண்ணோடு வெளியே வந்தது நினைவிருக்கிறதா? ஹெல்மெட்டையும், தலையைக் காக்கும் ஹேலோ வளையத்தையும் பாராட்டினார்கள். துணியையும் பாராட்டியிருக்கலாம்.

★ நரேன் முதன்முதலில் மொனாக்கோவில் ஓட்டியது 2005இல், ஜோர்டான் அணிக்காக. அன்று பந்தயத்தை முடிக்கவில்லை. அந்த ஜோர்டான்தான் கைமாறி மிட்லேண்ட், ஸ்பைக்கர் என்று பெயர் மாறி, 2008இல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. இன்று ஆஸ்டன் மார்ட்டின்.

★ ஃபோர்ஸ் இந்தியாவுக்கு மொனாக்கோ முதலில் கையை விரித்தது. 2008 மழையில் 18ஆம் இடத்திலிருந்து கிளம்பிய ஆட்ரியன் சூட்டில் நான்காம் இடம் வரை வந்துவிட்டார். கடைசிக் கட்டத்தில், சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்த கிமி ரைக்கோனன் கட்டுப்பாடு இழந்து பின்னால் இடித்தார். அந்த சீசன் முழுக்க அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 2016இல் செர்ஜியோ பெரெஸ் அதே தெருவில் மூன்றாம் இடம் பிடித்து மேடை ஏறினார்.

★ கோவை ரேஸிங்கின் வேர் பஞ்சாலையில் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டிக் காட்டிய எஸ். கரிவர்தன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. நரேன் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதி கார்களில்தான். கரிவர்தன் 1995இல் மறைந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சுமக்கிறது. திருப்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போதும், மொனாக்கோவுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை.

★ தெருப் பந்தயம் சென்னைக்கும் வந்தது. 2023 டிசம்பரில் நடக்க இருந்ததை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடல், நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை வழியாக, 3.5 கிலோமீட்டர், 19 திருப்பங்களில், விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பந்தயமாக நடந்தது. முதல் நாள் மழையும் வந்து காத்திருக்க வைத்தது!