இடித்த மதில் சாந்தானது

எங்கள் வளவின் பழைய செங்கல் மதிலை இடித்தபோது எழுந்த முதற் கேள்வி, "இதை எங்கே கொட்டுவது?" என்பதுதான். லொறிக்காரர் ஒருவர் கூலி பேசினார். கொட்டும் இடம் எதுவென்று கேட்டேன். ஊருக்கு வெளியே உள்ள சதுப்பு நிலத்தின் பக்கமாகக் கையைக் காட்டினார். அதே லொறிதான் மறுநாள் எங்களுக்கு ஆற்று மணல் கொண்டுவந்து இறக்கவிருந்தது. ஒன்றை எறியக் கூலி, மற்றதை வாங்க விலை!

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள். மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகளில் அளவின்றி மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்து, கரைகள் இடிந்து விழுந்தன. கடலோரத்தை அண்டிய பகுதிகளில் உப்பு நீர் ஆற்றினுள் ஏறிவருகிறது. கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது.

இடிபாட்டைச் சாந்தில் சேர்ப்பது புதிய யோசனையல்ல. செங்கல் தூளை எகிப்தியக் கொத்தர்கள் 'ஹும்ரா' என்பர்; சிவப்பு என்று பொருள். இந்தியாவில் அது 'சுர்க்கி'. 537ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்புல் அயா சோபியாவின் சாந்திலும் சுண்ணாம்போடு இடித்த செங்கல் இருக்கிறது. சுட்ட களிமண்ணின் மாவு, ஈரச் சுண்ணாம்புடன் மெல்ல வினைபுரிந்து கல்லாய் இறுகுவதே இதன் இரகசியம். சீமெந்து இறுகும்போதும் சுண்ணாம்பு வெளிப்படுவதால் இன்றும் அது ஓரளவு கைகொடுக்கும். மாவாகாமல் குருணையாக நிற்பதும் பழைய கொங்கிரீட் தூளும் மணலைப் போல இடத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

"இது சரிவராது மௌலவி" என்றார் மேசன். நான் விடவில்லை. உடைத்து, அரித்து, காய்ந்த தூளை அப்படியே கலக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் பூச்சு சிலந்தி வலைபோல் வெடித்திருந்தது. மேசன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக உறைத்தது. பிழை தூளில் இல்லை, என்னில்தான். செங்கல் தண்ணீர் குடிக்கும். சாந்தின் நீரை அது உறிஞ்சிவிட்டது.

அடுத்த முறை முதல்நாள் இரவே தூளை நனைத்து வைத்தோம். ஒரு தாச்சி சீமெந்துக்கு நான்கு தாச்சி மணல் போடும் இடத்தில் மூன்று மணல், ஒன்று தூள். அதற்குமேல் போகவில்லை. உட்சுவர் கட்டவும் பூசவும் அது போதுமானதாக இருந்தது. தூண், பீம், கொங்கிரீட் தட்டு ஆகியவற்றுக்கு இந்தக் கைமுறைத் தூளைத் தொடவே கூடாது.

உடைப்பதைவிடப் பிரிப்பதுதான் பெரிய வேலை. மரம், பொலித்தீன், பெயின்ற் படிந்த பூச்சு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். சீலிங்கில் வரும் ஜிப்சம் சிறிது கலந்தாலும் சீமெந்துச் சாந்து பின்னர் உப்பி வெடிக்கும். கடல்நீரில் ஊறிய இடிபாட்டில் உப்பு இருக்கும். சுவரில் வெள்ளையாய்ப் பூத்துப் பூச்சை உதிர்க்கும். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்க வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதைப் போட்டு அடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இலாபமா என்று கேட்பீர்கள். சுத்தியலால் உடைத்த இருவரின் கூலியைக் கணக்கிட்டால், ஒரு வீட்டுக்கு இலாபம் என்று சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பின்னர் காலியில் இடிபாடுகளை உடைத்து மீளப் பயன்படுத்த ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதேச சபையும் ஒரு சிறு உடைக்கும் இயந்திரம் வைத்து, பிரித்துக் கொண்டுவருபவரிடம் கூலி வாங்காமல் ஏற்றால் கணக்கு மாறும். எங்கள் மதிலில் பாதி இன்னும் வளவின் மூலையில் குவிந்து கிடக்கிறது. லொறிக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.