செவ்வாய் நெருங்கி வரும் கணக்கு

ஆகஸ்ட் மாதம் வந்தால் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் எங்கள் வகுப்புக்கு வந்துவிடும்: 27ஆம் தேதி இரவு செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியுமாம்! வதந்தி என்று சொல்லி நான் முடித்துவிடலாம். ஆனால் மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்த்தால், நாளை வரும் வேறு வதந்தியையும் சோதிக்கத் துணிவார்கள்.

இச்செய்தியின் தொடக்கம் உண்மையானது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமியிலிருந்து சுமார் 5.58 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைந்த தொலைவு. அன்றும் வெறும் கண்ணுக்கு அது ஒளிமிக்க புள்ளியாகவே தெரிந்தது.

இது ஆண்டுதோறும் நிகழுமா? இரண்டு மாணவர்களை மைதானத்தில் வட்டமாக ஓடவிடுங்கள். உள்வட்டத்தில் விரைவாக ஓடுபவர் பூமி. வெளிவட்டத்தில் மெதுவாக ஓடுபவர் செவ்வாய். பூமி ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது செவ்வாய் அதே இடத்தில் நிற்பதில்லை. ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடினால்தான் பூமி அதை மீண்டும் எட்டும்.

இனி கரும்பலகைக்கு வருவோம். பூமி 365.25 நாளில் 360 பாகை சுற்றுகிறது, நாளொன்றுக்கு 0.986 பாகை. செவ்வாய்க்கு 687 நாள், நாளொன்றுக்கு 0.524 பாகை. வேறுபாடு 0.462. 360ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 780 நாள், அதாவது சுமார் 26 மாதம். எனவே ஒவ்வோர் ஆகஸ்டிலும் நெருங்க வாய்ப்பில்லை. வெள்ளி 224.7 நாளில் சுற்றுகிறது. அதற்கு 584 நாள் வருகிறதா என்று மாணவர்கள் கண்டறியட்டும்.

நெருங்கும் தொலைவும் ஒவ்வொரு முறையும் மாறும். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்பதே காரணம். 2025 ஜனவரியில் அது சுமார் 9.6 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. 2027 பிப்ரவரி 20 அன்று சுமார் 10.1 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும்.

அந்த நாளை நம் மாவட்டப் பள்ளிகள் தவறவிடக் கூடாது. அப்போது சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் செவ்வாய் இருப்பதால், மாலையில் சூரியன் மறையும் வேளையில் அது கிழக்கே எழும். மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிழக்கே மறைப்பு ஏதுமில்லை, கடல்தான். அன்று பௌர்ணமி என்பதால் நிலவும் அதே திசையில் எழும். பெற்றோருடன் சென்று, நன்கு இருட்டியதும் இரண்டையும் அருகருகே பார்த்து வரைந்து வரச் சொல்லுங்கள். செவ்வாய் நிலவளவு பெரிதா என்பதற்கு அந்தப் படமே விடை சொல்லும்.