புண்ணாக்கு சூடா இருக்கு, சாப்பிடுறீங்களா?

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே தரை முழுக்க எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. வெறுங்காலில் விரலை ஊன்றி நடந்தால்தான் வழுக்காது. திண்டிவனத்தில் ஒரு மரச்செக்கு ஆலைக்கு வந்திருக்கிறோம். முன்பக்கம் கடை. கடலையெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று பாட்டில்கள் பளபளக்கின்றன. வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நமக்கு மட்டும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கதவைத் தாண்டிப் போக அனுமதி கிடைத்துவிட்டது! தள்ளுங்கள், சீக்கிரம்.

அப்பா, என்ன மணம்! மல்லாட்டைப் பருப்பு, அதாவது நிலக்கடலைப் பருப்பு, நசுங்கிச் சூடேறும் மணம் முகத்தில் வந்து மோதுகிறது. மோட்டார் உறுமுகிறது, உலக்கை முனகுகிறது, யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. மூலையில் சாக்கு அடுக்கு, அதன்மேல் யாரோ மறந்து வைத்த டிபன் பாக்ஸ், சுவரில் எண்ணெய்க் கறை ஏறித் தேதியே தெரியாத காலண்டர். வாகை மரத்தில் கடைந்த உரலுக்குள் பருப்பு சுற்றிச் சுற்றி மாவாகி, பிறகு களியாகி, திடீரென்று ஓரத்தில் ஒரு மினுமினுப்பு. “பிரிஞ்சிடுச்சு!” என்று செக்குக்காரர் கை தட்டுகிறார். பல வருஷமாக இதே வேலை பார்க்கிறவர். அந்த நிமிஷம் இன்னும் அவருக்குப் பழகிப்போகவில்லை.

எண்ணெய் தகர டின்னுக்குள் இறங்கிவிடுகிறது. கடைக்கு வருகிறவர்களுக்குக் கதை இங்கே முடிந்துபோகும். நான் வந்ததோ இதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான்.

மோட்டாரை நிறுத்திவிட்டு அவர் கம்பியை எடுக்கிறார். உரலின் சுவரோடு ஒட்டி இறுகியிருக்கும் புண்ணாக்கை நெம்பி நெம்பிப் பெயர்க்க வேண்டும். தோள் தெறிக்கும் வேலை. வேர்வை மூக்கு நுனியில் வந்து நிற்க, தலையைத் திருப்பி உரலுக்கு வெளியே உதறிவிட்டு மறுபடி குனிகிறார். தலையில் கட்டிய துண்டைக் காட்டி, “இதப் புழிஞ்சா ரெண்டு தோசை சுடலாம் தம்பி” என்கிறார். கூடையில் தட்டுத் தட்டாக விழுகிறது புண்ணாக்கு, ஆவியோடு. 100 கிலோ பருப்பு ஆட்டினால் எண்ணெய் 40 கிலோவுக்குச் சற்று மேலே வரும். புண்ணாக்கு 50 கிலோவைத் தாண்டிவிடும். எடை போட்டால் ஆலையின் பெரிய சரக்கு இதுதான்.

அந்தப் புண்ணாக்கில் சுமார் 40 சதவீதம் புரதம். மரச்செக்கில் முழுக்கப் பிழிந்துவிட முடியாது என்பதால் கொஞ்சம் எண்ணெயும் தங்கியிருக்கும். செக்குக்காரர் இதைத் தன் பாஷையில் சொல்கிறார்: “எண்ணெய் நமக்கு, சத்து மாட்டுக்கு. யாரு புத்திசாலின்னு நீங்களே சொல்லுங்க.”

அடுத்த உரலில் எள். இங்கேதான் நாக்குக்கு விருந்து. எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிந்து வரக் கருப்பட்டியோ வெல்லமோ உடைத்துப் போடுவார்கள். அந்த இனிப்பு எண்ணெயோடு போகாது, மொத்தமும் புண்ணாக்கில் தங்கிவிடும். கறுத்த, சுடச்சுட ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து, “சாப்பிடுறீங்களா?” என்கிறார். முதலில் இனிப்பு, பின்னாலேயே எள்ளின் மெல்லிய கசப்பு. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டதும் பின்வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்களாம். அவர்களுக்கென்றே ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ இனிப்புக் கடைகளில் சாப்பிட்டிருக்கிறேன், இந்தச் சூட்டுக்கு ஈடு கிடையாது.

மிஞ்சுகிற சக்கையை என்ன செய்வது? வீட்டிலேயே பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இந்தக் கேள்வி வேறு விதமாக வருகிறது. நம் மாநிலத்தில் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அங்கே 20 லிட்டர் பீருக்கு நாலைந்து கிலோ மால்ட் செய்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை வடித்துவிட்டால், ஈரச் சக்கை பாத்திரம் நிறைய மிஞ்சும். ரொட்டி மாவில் பிசைகிறார்கள், நாய்க்கு பிஸ்கட் சுடுகிறார்கள், கோழிக்குப் போடுகிறார்கள், மிச்சத்தை உரக்குழிக்கு அனுப்புகிறார்கள். ஈரச் சக்கை ஓரிரு நாளில் புளித்துவிடும் என்பதால் அவ்வளவு அவசரம். நம் ஆலையின் பின்வாசலில் அந்த அவசரம் இல்லை. கூடை நிறைவதற்கு முன்பே வாங்குகிறவர் வந்து நிற்கிறார். மாட்டுக்காரர் ஒருவர், மாடித் தோட்டம் வைத்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். வாத்தியார் கடலைப் புண்ணாக்கை மூன்று நாலு நாள் ஊறவைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றுகிறவர். “நாத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. கத்தரிக்காய் கொடுத்து சமாதானம் பண்ணிட்டேன்” என்று சிரிக்கிறார். மூலையில் தனியாகக் கட்டி வைத்திருப்பது வேப்பம் புண்ணாக்கும் இலுப்பைப் புண்ணாக்கும். வேம்பு வேர்ப்பூச்சிக்கு. இலுப்பை, மீன் குட்டையில் குஞ்சு விடுவதற்கு முன் களை மீன்களை ஒழிக்க. மாட்டுத் தொட்டிப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

கொல்லையில் தார்ப்பாய் விரித்திருக்கிறது. உதிரிப் புண்ணாக்கைக் காயவைக்கும் அக்காதான் இந்த ஆலையின் கண்டிப்பான ஆள். ஒவ்வொரு துண்டையும் உடைத்து மூக்கருகே கொண்டுபோகிறார். லேசாகப் பச்சை படிந்த ஒரு துண்டு, தூக்கி எறிந்துவிட்டார். “பூசணம் புடிச்சத மாட்டுக்குப் போட்டா பாவம் தம்பி.” அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை! 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனம். அதில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். மாடு தின்றால் அது பாலிலும் இறங்கும்.

இந்த மண்ணுக்கும் மல்லாட்டைக்கும் உறவு பழையது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வெளிவந்தது. அந்த எழுத்துகள் இந்த ஊரின் பெயர்தான். அதற்கும் முன்னால், 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்ஸின் மார்சேய் நகரத்து ஆலைகளுக்குப் போயிற்று. அங்கே எண்ணெய் சோப்பானது. புண்ணாக்கும் அங்கேயே நின்றுவிட்டது. நம் மாட்டுக்கும் நம் நிலத்துக்கும் திரும்ப வேண்டிய சத்து அது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பொறுக்கவில்லை.

சாயங்காலம் ஒரு மூட்டையைத் தொற்றிக்கொண்டு டெம்போவில் நாமும் ஏறிவிட்டோம். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், மாட்டுக்கொட்டகை. மூட்டை இறங்கும் சத்தத்துக்கே கறவை மாடு கயிற்றை இழுக்கிறது. “இதுக்குப் போலீஸ் நாய் மூக்கு” என்கிறார் வீட்டு அம்மா. கழனித் தொட்டியில் காலையிலேயே ஊறிய புண்ணாக்கோடு தவிட்டைக் கலந்து, முழங்கை வரை விட்டுக் கரைக்கிறார். மாடு பொறுக்காமல் தலையை நுழைக்கிறது. “இருடி, கட்டி கரையட்டும்!” முகத்தில் தெறித்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரமாகிவிட்டதென்று பரபரக்கிறார்.

செக்கெண்ணெய் வாங்கப் போகிறீர்களா? எள் ஆட்டும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள், பின்பக்கம் எட்டிப் பாருங்கள், ஒரு துண்டு கேளுங்கள். செடிக்கோ மாட்டுக்கோ புண்ணாக்கு வாங்கினால் உடைத்து மோந்து பார்த்து வாங்குங்கள். பூசண வாடை வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.